இடப்பக்கம் சுற்றிய வண்டி

கீழே எழுதியிருப்பதில் ஒரு புள்ளிகூடப் பொய் இல்லை. சிங்கவரம் மலையில் படுத்திருக்கும் ரங்கநாதர் சாட்சி. அவர் படுத்திருக்கிறாரே தவிர தூங்கவில்லை. பொய் சொன்னால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். இதுவரை எழுந்திருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செஞ்சியில் படுத்திருந்த இன்னொருவர் தனசேகரன். தன் வீட்டு வாசலில், காருக்கு அடியில் படுத்திருந்தார். ஏழு பேர் உட்காரும் பழைய டீசல் வண்டி. கீழே ஆள் தாராளமாக நுழையலாம். வண்டி அவருடையது இல்லை, மாமனார் கன்னியப்பனுடையது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஓட்ட முடியாமல் சாவியை மருமகனிடம் கொடுத்தவர், கூடவே ஒன்று சொல்லியிருந்தார்: "ஆயில காலாகாலத்துல மாத்திடுங்க மாப்ள. மாத்தலன்னு தெரிஞ்சுது, சாவிய வாங்கிக்கினு போயிக்கினே இருப்பேன்."

தனசேகரன் மாற்றவில்லை. இன்று மதியம் மாமனார் தளவானூரிலிருந்து பஸ்ஸில் வருகிறார். வந்ததும் முதல் வேலையாக பானெட்டைத் திறந்து, அளவுக் கம்பியை உருவி, தன் துண்டில் துடைத்துப் பார்ப்பார். சாவி போனால் நாளை முதல் திண்டிவனம் வேலைக்குப் பஸ் படிக்கட்டில் தொங்க வேண்டியதுதான். ஒர்க்‌ஷாப் எல்லாம் லீவு. எனவே தானே மாற்றிவிடுவது என்று புது ஆயில் கேனோடு இறங்கிவிட்டார்.

இஞ்சினுக்கு அடியில் பழைய ஆயிலை வடிக்க ஒரு நட்டு உண்டு. அதைக் கழற்றினால் பாதி வேலை முடிந்தது. ஆனால் அதைக் கடைசியாக முறுக்கியவர் கன்னியப்பன். அவர் கையால் முறுக்குவதில்லை; ஸ்பானர் மேல் ஏறி நிற்பார்.

தனசேகரன் இழுத்தார். ஸ்பானர் வளைந்தது. அதைத் திருப்பிப் போட்டு இழுத்தார்; நேராகிவிட்டது. நட்டு மட்டும் அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினார், சுத்தியலால் தட்டினார், காதில் சொல்வதுபோலக் கெஞ்சியும் பார்த்தார்.

வாசற்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவி சுமலதா சொன்னாள்: "அதுங்கிட்ட கோச்சிக்காதீங்க. எங்க வீட்டு நட்டு. சொன்ன பேச்சு கேக்காது."

"நீ சொல்லித்தான் தெரியணுமா?"

டீ வாங்கப் போயிருந்த மச்சான் குருவின் செருப்புக் கால்கள் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றன. தனசேகரன் அடியில் இருந்தபடியே மனதைத் திறந்தார்.

"டேய் குரு, உங்க நைனா சரியான லூசுடா."

கால்கள் நகரவில்லை. மேலே கன்னியப்பனின் குரல் கேட்டது.

"யாரு மாப்ள லூசு?"

செருப்பு ஒன்றுபோல இருந்ததற்குக் காரணம், குரு தன் நைனாவுக்கும் சேர்த்து இரண்டு ஜோடி வாங்கியதுதான். தனசேகரன் பூமிக்குள் போகப் பார்த்தார். முதுகுக்குக் கீழே சிமெண்ட் தரை. சுமலதாதான் வெங்காயத்தை வைத்துவிட்டு எழுந்தாள்.

"நட்டு நைனா. நைனா மாட்டின நட்டு இப்பதான் சரியா லூஸ் ஆச்சுன்னு சொல்றாரு."

"அப்பிடியா," என்றார் கன்னியப்பன். தோளிலிருந்த மல்லாட்டை மூட்டையை இறக்கினார்; ஓட்டோடு இருந்த நிலக்கடலை. "லூஸ் ஆயிட்ச்சில்ல. கழட்டுங்க, பாக்கறேன்."

பெண்டாட்டி காப்பாற்றினால் இப்படித்தான் காப்பாற்றுவாள் என்று தனசேகரன் நினைத்துக்கொண்டார். மறுபடி இழுத்தார். டீயோடு வந்த குருவும் அடியில் நுழைந்து இழுத்தான். ஸ்பானரில் நீளமான இரும்புப் பைப்பைச் செருகி, அதன் நுனியில் கன்னியப்பனே தொங்கினார். வண்டிதான் ஓரடி நகர்ந்தது.

"இந்த லூசு எனக்குத் தெரியும் மாப்ள," என்றார் கன்னியப்பன். கை சாவிக்காக நீண்டது.

"நட்டு திரும்பலன்னா இன்னா, வண்டியத் திருப்புங்களேன்," என்றாள் சுமலதா, சிரிக்காமல்.

கேலிக்குத்தான் சொன்னாள். ஆனால் கன்னியப்பன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். பைப்பின் நுனியை வாசல் வேப்பமரத்தோடு கயிற்றால் கட்டச் சொன்னார். மூட்டையைப் பிரித்து நான்கு டயருக்கும் அடியில் மல்லாட்டையைக் கொட்டினார். உருண்டைக் காய் மேல் வண்டி வழுக்கிக்கொண்டு சுற்றும் என்பது அவர் கணக்கு. தெருவே வந்து தோள் கொடுத்தது. வண்டியும் செக்கு மாதிரி சுற்றியது.

ஒரு சுற்று முடிந்து பார்த்தால், நட்டு முன்னைவிட இறுகியிருந்தது. இறுகிய இறுக்கில் வண்டி ஒரு சாண் குறுகி, அன்றிலிருந்து ஆறு பேர்தான் உட்கார முடிகிறது.

"வலமா சுத்திட்டீங்க மாமா," என்று குரு கண்டுபிடித்தான். கோயில் பழக்கம். சுற்று என்றதும் தெரு மொத்தமும் வலப்பக்கமாகத் தள்ளியிருந்தது. இடப்பக்கமாகத் தள்ளச் சொன்னால் ஒருவரும் நகரவில்லை. சாவு வீட்டில்தான் அப்படிச் சுற்றுவது, புள்ளகுட்டி இருக்கிற வீடு, எங்களுக்கு எதுக்குப் பாவம் என்று கையைத் துடைத்துக்கொண்டார்கள். எதிர்வீட்டு ரஞ்சிதம் உள்ளே போய்க் கதவையே சாத்திக்கொண்டாள்.

தனசேகரனின் கண்ணில் பஸ் படிக்கட்டு தெரிந்தது. முதல் படி. அதில் ஏற்கெனவே நான்கு பேர்.

"நவகிரகத்த எப்பிடிச் சுத்துவீங்க?" என்று தெருவைப் பார்த்துக் கேட்டார். "கடைசி ரெண்டு சுத்து ராகு கேதுவுக்கு இடமாத்தானே? அவங்களுக்குன்னு நெனச்சுக்கினு தள்ளுங்க."

தெரு யோசித்தது. ரஞ்சிதத்தின் கதவு திறந்தது. ராகுவுக்கு ஒரு சுற்று, நட்டு முனகியது. கேதுவுக்கு ஒரு சுற்று. நட்டு கழன்று விழுந்து, பழைய ஆயில் கொட்டியது. பின்னால் வந்த இரண்டு பெண்கள் பழக்கதோஷத்தில் வண்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

நடுவில் கறுப்பு ஆயில் வடிந்தது. டயர் ஓரங்களில் நசுங்கிய மல்லாட்டையிலிருந்து நல்ல எண்ணெய் வழிந்தது. சுமலதா கறுப்புக்கு பக்கெட்டையும் மற்றதற்குத் தூக்குச்சட்டியையும் வைத்தாள். சாயங்காலம் அந்த எண்ணெயில் தெருவுக்கே வடை சுட்டாள். லேசாக டயர் வாசனை அடித்தது என்று குரு சொன்னான். சொல்லிவிட்டு ஐந்தாவது வடையை எடுத்தான்.

நட்டைத் திரும்ப மாட்டிப் புது ஆயில் ஊற்றியதும், கன்னியப்பன் அளவுக் கம்பியை உருவித் துண்டில் துடைத்தார். புது ஆயில் தேன் நிறத்தில் இருந்தது.

"சாவி உங்ககிட்டயே இருக்கட்டும் மாப்ள," என்றார். "ஆனா லூசுன்னு சொன்னது என்னத்தான்."

"மாமா..."

"அது பரவால்ல. நட்டு இப்ப எப்பிடி இருக்குது? தளர்வாவா இருக்குது? தள்ளுங்க, ஏறி நின்னு ஒரு முறுக்கு முறுக்கிட்டுப் போறேன்."

தனசேகரன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, மாமனார் ஸ்பானர் மேல் ஏறத் தோதாக ஒரு நாற்காலியும் கொண்டுவந்து போட்டார்.