சத்தம் போன டிவி

தீர்த்தஹள்ளிப் பக்கத்துப் பாக்குத் தோப்புகளுக்கு நடுவே இருந்த அந்தப் பள்ளியில், முதல் வகுப்புச் சுவர்களின் அடியில் முழங்கால் உயரத்துக்குக் கரும்பலகை ஓடும். ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத ஒரு துண்டு. அதன் முன்னால் தவழ்ந்து தவழ்ந்தே நாகவேணி டீச்சரின் முட்டி தேய்ந்துபோயிருந்தது. ஆனால் என்ன சுகமான காலம் அது! சேலையெல்லாம் சுண்ணப்பொடி, காதைப் பிளக்கும் கூச்சல்.

இப்போது பெரிய டிவி வந்துவிட்டது. அது பாட, பிள்ளைகள் கூடவே பாடும். ஹெட்மாஸ்டர் மஞ்சப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"இனிமே அந்தக் கறுப்புச் சுவர் எதுக்கு மேடம்? சனிக்கிழமை மயிலு, பட்டாம்பூச்சின்னு வரைஞ்சிடலாம்."



வியாழக்கிழமை டிவியில் படம் வந்தது, சத்தம் வரவில்லை. திரையில் பலாப்பழம், கீழே அதன் பெயர். பிள்ளைகள் "பலாப்பழம்!" என்று கத்தின. அவளுக்கு என்ன தோன்றியதோ, எழுந்துபோய்ப் படத்தை மட்டும் முந்தானையால் மறைத்தாள்.

"இப்ப படிங்க."

வகுப்பு கப்சிப். எல்லோரையும்விட உரக்கப் பாடும் சின்மயி திருதிருவென்று விழித்தாள். வருஷம் முடியப் போகிறது. இந்தக் குழந்தைக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது.

கோபத்தோடு சமையலறைக்குப் போனாள். சின்மயியின் அம்மா சுகன்யாதான் அங்கே சாம்பார் கிண்டிக்கொண்டிருந்தாள். அவளும் டீச்சரிடம் படித்தவள்தான்.

"உன் பொண்ணுக்கு ஓரெழுத்துகூடத் தெரியல. எல்லாம் அந்தப் பொட்டி பண்ற வேலை. உங்க காலத்துல சுவத்துல நீங்களே எழுதுனீங்கல்ல?"

சுகன்யா சிரித்துவிட்டாள். "நல்லா எழுதுனேன் போங்க! பக்கத்துல ரூபா என்ன கிறுக்குவாளோ அதையே நானும் கிறுக்குவேன். நீங்க தவழ்ந்து வர்றதுக்குள்ள முடிச்சிடுவேன். இன்னைக்கும் பஸ்ஸைக் கலரைப் பாத்துத்தான் ஏர்றேன், டீச்சர்."

நாகவேணிக்குச் சுருக்கென்றது. அந்தச் சுவரையா இத்தனை நாள் கொஞ்சிக்கொண்டிருந்தோம் என்று இருந்தது. டிவியை மட்டும் ஏசி என்ன பயன்?

திரும்பிப்போய் ஹெட்மாஸ்டரிடம் சொன்னாள்: "சார், சுவத்துல கை வைக்க வேணாம். டிவிக்கும் இப்போதைக்கு ரிப்பேர் வேணாம்."

"என்ன மேடம், சத்தம் இல்லாம டிவியா?"

"அதுதான் எனக்கு வேணும்."

பிள்ளைகளைப் பாதிப் பாதியாகப் பிரித்தாள். ஒரு பாதி படம் வரையட்டும். மறு பாதியைச் சுவரோரம், ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதாதபடி தள்ளித் தள்ளி உட்காரவைத்தாள். திரையில் படம் மட்டும். பெயரை அட்டையால் மூடிவிட்டு, ஒவ்வொரு பிள்ளையிடமும் தவழ்ந்துபோய் எழுத்தைத் திருத்திக்கொடுத்தாள். பத்து நாள் ஒரே அழுகை, பிணக்கு. பதினோராம் நாள் சின்மயி மூன்றெழுத்துச் சொல்லில் இரண்டைச் சரியாக எழுதினாள். டீச்சர் சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தாள்.

"சுகன்யா, சாம்பாரை இறக்கி வச்சிட்டு வா. அந்த மூலை உனக்கு."

"ஐயோ டீச்சர், வெக்கமா இருக்கு. பிள்ளைங்க சிரிக்கும்."

"சிரிக்கட்டும். உக்காரு."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சுகன்யா சம்மணமிட்டாள். திரையில் வாழைப்பழம் வந்தது. கொஞ்ச நேரம் சுவரையே வெறித்தவள், மெல்ல மகள் பக்கம் கழுத்தைத் திருப்பினாள்.

சின்மயி இரண்டு கையாலும் தன் எழுத்தை மறைத்துக்கொண்டு கத்தினாள்:

"அம்மா, எட்டிப் பாக்காத! நீயா எழுது!"