எலிஹியோ வைத்த சிப்பாய்

கமகுவேய் ரயில்வே தொழிலாளர் மன்றத்தில் கடைசி ஆட்டம். ஜெயிப்பவர் ஹவானாவுக்கு, தேசியப் போட்டிக்கு. வெள்ளைக் காய்களோடு உட்கார்ந்திருந்தாள் நெரெய்தா. எதிரே ஓஸ்வால்தோ, அவளுடைய முன்னாள் புருஷன். பதினோரு வருஷத்தில் அவனை அவள் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை.

"ராணிக்கு முன்னால இருக்கற சிப்பாயத்தான் நகத்துவா. அப்புறம் பதினஞ்சு நகர்த்தலும் எனக்கு மனப்பாடம்," என்று காபிக் கடையில் காலையிலேயே அளந்திருந்தான். ஒன்றாகக் குடித்தனம் நடத்தியவனுக்குத் தெரியாமலா போகும்?

முதல் காயை விருந்தாளி நகர்த்துவது மன்றத்து வழக்கம். இந்த வருஷ விருந்தாளி, ஒரு காலத்தில் பேஸ்பால் பந்துவீச்சில் ஊரையே கலக்கிய கிழவர் எலிஹியோ. நெரெய்தா ராணியின் சிப்பாயைத் தொட்டுக்காட்டினாள். கேமரா மின்னியதும் கிழவர் தடுமாறி, வலதுபக்கக் குதிரைக்கு முன்னால் இருந்ததை இரண்டு கட்டம் தள்ளிவிட்டார். சதுரங்கப் புத்தகங்கள் தலையில் அடித்துக்கொள்ளும் தொடக்கம் அது.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கே தாயி!" என்றார். கூட்டம் சிரித்தது.

"மாத்திக்கலாம்மா, இது சும்மா சம்பிரதாயம்தான்," என்றார் நடுவர்.

அவள் கை நீட்டினாள். அப்போதுதான் கவனித்தாள், ஓஸ்வால்தோ மட்டும் சிரிக்கவில்லை. பதில் நகர்த்தலுக்குத் தயாராகத் தூக்கிய கை அந்தரத்திலேயே நின்றிருந்தது. இத்தனை வருஷத்தில் அவன் திருதிருவென்று முழித்து அவள் பார்த்ததே இல்லை.

"இருக்கட்டும் ஐயா," என்றாள்.

"என்ன, நக்கலா?" ஓஸ்வால்தோவுக்கு முகம் சிவந்தது. ஆத்திரத்தில் ராணிக்கு முன்னால் இருந்த தன் சிப்பாயைத் தள்ளி வழி திறந்து, அடுத்த நகர்த்தலில் மந்திரியை அனுப்பி, கிழவர் தள்ளிய சிப்பாயை வெட்டினான். மந்திரி காவல் காத்த பக்கம் இப்போது காலி. நெரெய்தா ராணியை அங்கே இறக்கினாள். அவளுக்கும் இது தெரியாத பாதைதான். ஆனால் ஒவ்வொரு நகர்த்தலையும் தானே யோசித்தாள், அது சந்தோஷமாக இருந்தது. முதலில் அவனுடைய ஒரு சிப்பாய் விழுந்தது, பிறகு மூலையில் நின்ற யானை. முப்பத்தோராவது நகர்த்தலில் ஓஸ்வால்தோ கடிகாரத்தை நிறுத்திவிட்டு, தோல்வியை ஒப்புக்கொண்டு கை நீட்டினான்.

"இத எங்க படிச்ச?"

"எங்கயும் படிக்கல. உனக்கும் தெரியாதுல்ல, அது போதும்."

எலிஹியோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தார். "தாயி, நான் வச்சது சரியான காய்தானே?"

"சரியான காய்தான் ஐயா," என்று அவர் கையை இறுகப் பற்றிக்கொண்டாள் நெரெய்தா. "ஹவானாவுக்கும் நீங்களே வந்து வைங்க."