பீலியர் நாடு பிறந்த இடம்

2025, ஆவணி 5, வியாழன். பிழை ஒன்று: கல்வெட்டில் உள்ளது ஐம்பத்தேழு நாள். என் கதையில் முப்பத்தேழு என்று எழுதிவிட்டேன். படியெடுக்கும்போது நேர்ந்திருக்க வேண்டும், உறுதியில்லை. கல்லைப் பார்த்து வந்த நாளின் குறிப்பைத் தேடிச் சரிபார்த்து, அச்சேறுமுன் திருத்த வேண்டும்.

இவ்வாறு காலையில் எழுதிக் குறிப்பேட்டை மூடிய இர்பானா, அன்று மாலை செஞ்சிப் பேருந்து நிலையத்தைக் கடந்து சென்றபோது, பகலவன் இராசகிரியின் முடிக்குப் பின்னே இறங்கிக் கொண்டிருந்தான். பகலெல்லாம் குடித்த வெயிலைப் பாறைகள் திரும்பக் கக்க, முற்றுகை பல கண்டு இனி எவரையும் நம்புவதில்லை என்று முடிவு செய்துவிட்ட முதிய காவலர் மூவரைப் போல இராசகிரியும் கிருட்டிணகிரியும் சந்திரகிரியும் ஒன்றையொன்று முறைத்து நின்றன. அவற்றின் காலடியில், மறுநாள் அமாவாசையாதலின் அங்காளம்மனைக் காண மேல்மலையனூர் செல்வோர் முன்கூட்டியே வந்து குவிந்து, இருக்கைக்காகத் துண்டையும் பையையும் பேருந்தின் பலகணிவழி எறிந்து, எறிந்தவற்றை எடுத்துப் போட்டவர்களை ஏசி, ஏச்சு வாங்கி, நெல்மூட்டைத் தூசியோடு வண்டிப்புகையும் கலந்த மங்கலொளியில் முட்டி மோதிக் கொண்டிருந்தனர். அந்த இரைச்சலுக்குப் பின்புறத்தே, ஓர் அச்சகத்தின் மாடியில், மின்விசிறி முனகிச் சுழல, மாலைநேர எழுத்து வகுப்பு கூடியிருந்தது.

நூல் பல கற்ற நீங்கள் அறிவீர்கள்: இல்லாத நாடுகளைப் படைப்போர் எவரும் வெறுங்கையோடு தொடங்குவதில்லை. நைலாற்றின் வெள்ளத்தை ஒருவர் எடுப்பார். உரோமரின் படைவரிசையை ஒருவர் எடுப்பார். சிந்துவெளியின் செங்கல் தெருக்களை வேறொருவர் எடுத்து, அவற்றின்மேல் இரண்டு நிலவுகளை ஏற்றிவைத்துப் புதிய உலகம் என்பார். இர்பானாவும் அவ்வழியே சென்றாள். வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எதிரே பிறருடைய விண்ணப்பங்களைப் பகலெல்லாம் நிரப்பிக் கொடுத்துப் பழகியவளாதலால், எதையும் அதனதன் கட்டத்தில் எழுதினாலன்றி அவளுக்கு உறக்கம் வராது. குறிப்பேட்டின் இடப்பக்கத்துக்குக் 'கண்டது' என்றும், வலப்பக்கத்துக்கு 'ஆக்கியது' என்றும் தலைப்பிட்டிருந்தாள். இடப்பக்கத்துக் கோட்டைக் களஞ்சியம், வலப்பக்கத்தில் எத்தனை கொட்டினாலும் வயிறு நிறையாத கல் விலங்காயிற்று. கல்யாண மகாலின் அடுக்குகள், அரசியர் சிறகு உலர்த்தும் கோபுரமாயின. நகருக்கு வடக்கே திருநாதர்குன்றின் பெரும்பாறையில் செதுக்கப்பட்ட இருபத்துநான்கு அருகர் உருவங்கள், இமையாமல் பார்த்திருக்கும் இருபத்துநான்கு கடவுளராயின. அக்குன்றிலேயே, ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த சமண ஆசிரியர் ஒருவரைக் குறிக்கும் பழங்கல்வெட்டிலிருந்து, 'பீலியர்' என்னும் இனத்தைப் படைத்தாள். மயிற்பீலி ஏந்தி, தலைமயிரைப் பறித்தெறிந்து, களஞ்சியத்தில் நெல் குறையாதிருக்கும்பொருட்டுத் தம் முதியோரைப் பாறைமேல் அமர்த்திச் சோறு மறுத்துச் சாகவிடும் கொடியோர் அவர்கள்.

ஞாயிறன்று வெளிவரவிருந்த வகுப்புத் தொகுப்பில் அக்கதையே முதலாவது. பத்தாண்டுகளாகப் பிறர் பெயரையே கட்டங்களில் எழுதிவந்தவளின் பெயர் அச்சில் ஏறுவது அதுவே முதன்முறை. அவள் அதை வகுப்பில் படித்து முடித்ததும், சிற்றுந்து ஓட்டும் ஆனந்தராஜ் தொடையில் தட்டி ஆர்ப்பரித்தான்.

"அட்ரா சக்க! கெழவன பாறைல குந்த வெச்சிட்டு எல்லாரும் வேடிக்க பாக்கறாங்க பாரு, எனுக்கே ஒடம்பு சிலுத்துக்கிச்சி. மலையனூர் பஸ்ல பேய் புடிச்சி ஆடறத தெனம் பாக்கறவன், எனுக்கே!"

எல்லோரும் நகைத்தனர். நெல்வணிகம் செய்யும் சமண நயினார் குடும்பத்தவளும், இர்பானாவினும் நான்காண்டு மூத்தவளுமாகிய சந்தனா மட்டும் நகைக்கவில்லை.

"யாரு அந்தப் பீலியருங்க?"

"யாருமில்லக்கா, கற்பன. குன்னுல இருக்கற பழைய கல்லப் பாத்து எழுதனது."

"அந்தக் கல்லுல பட்டினி போட்டு சாவடிச்சாங்கன்னு இருக்குதா?"

"நோம்பு இருந்தாருன்னுதான் இருக்குது. கதைக்கு ஒரு பகை வேணும்ல, மாத்திக்கினேன். அவரு செத்து ஆயிரம் வருசத்துக்கு மேல ஆவுது. அவருக்காக இப்ப யாருக்கா சண்டைக்கு வரப் போறாங்க?"

"செத்து ரெண்டு வருசந்தான் ஆவுது," என்றாள் சந்தனா. "எங்க பெரிப்பா சம்பவநாதன். எம்பத்தாறு வயசு. போதும்னு அவரே சோத்த விட்டாரு, அப்புறம் தண்ணிய விட்டாரு. வேணாம் பெரிப்பான்னு கால்ல வுழுந்தவ நான். வெளிய வந்தா, நெல்லு கொறையும்னு கெழவன பட்டினி போட்டுட்டாங்கன்னு கடத்தெருவே பேசுது. அதே பேச்சு உன் கதைல எப்டி வந்துச்சி?"

"சத்தியமா எனுக்கு அது தெரியாதுக்கா. கல்லுல இருந்துதான் எடுத்தேன்."

"வருசா வருசம் முப்பது நாளு நோம்பு வெக்கிறியே, உன்ன யாரு பட்டினி போடறது? உங்கம்மாவா?"

அச்சகத்தின் உரிமையாளரும் வகுப்பை நடத்துபவருமாகிய பச்சமுத்து இடைபுகுந்தார். "இன்னாம்மா, ஒரு கதைக்குப் போயி டென்ஷன் ஆவற? பேர மாத்திடலாம். மயிலு றெக்கைய எடுத்துட்டு கிளி றெக்க வெச்சிட்டாப் போச்சி."

"சட்டைய மாத்திட்டா ஆளு மாறிடுவானா அண்ணா?" என்று சொல்லிவிட்டுச் சந்தனா படியிறங்கினாள். பச்சமுத்து இர்பானாவின் பக்கம் திரும்பி, எரிச்சலை மறைக்காமல் சொன்னார்: "நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு மிசின் ஓடும். வெக்கறதா, எடுக்கறதா, அதுக்குள்ள சொல்லிடு. எடுத்தா வேற கத கோக்க நேரமில்ல. உன் பேரே புக்ல வராது, பாத்துக்க."

வீடு திரும்பிய இர்பானாவின் நெஞ்சில் இருந்தது நாணமன்று, சினம். ஊராரின் வம்பைத் தன் தலையில் கட்டிவிட்டாள் அந்த நயினார் வீட்டுப் பெண் என்று பொருமியவளாய், தான் கல்லிலிருந்தே எடுத்ததை நாளும் கிழமையுமாக மெய்ப்பித்து அவள் முகத்தில் வீசவேண்டும் என்று, பரணிலிருந்த பழைய குறிப்பேட்டை இறக்கினாள். குன்றேறிய நாள் கிடைத்தது: தை மாதம், ஞாயிறு. ஐம்பத்தேழு என்னும் எண்ணும் தெளிவாய் இருந்தது. வென்றுவிட்டவளைப் போல் மேலும் முன்பக்கங்களைப் புரட்டினாள். அந்தத் தை மாதத்துக்கு மூன்று மாதம் முந்தைய ஐப்பசியில், ஓரத்தில், தன் கையெழுத்தே அவளை எதிர்கொண்டது.

"கதைக்கான செய்தி, எண் 41. கடைத்தெருவில் கேட்டது: நெல்மண்டி நயினார் வீட்டில் களஞ்சியம் குறையாதிருக்கப் பெரியவரைப் பட்டினி போட்டார்களாம். உண்மையா தெரியவில்லை. கொடிய இனம் ஒன்றுக்குப் பொருந்தும்."

ஒரு சொல்லும் மாறாமல் அவள் கதைக்குள் வந்திருந்தது அது. கண்டதற்கு ஒரு பக்கமும் ஆக்கியதற்கு ஒரு பக்கமும் வகுத்தவள், கேட்டதற்குக் கட்டம் வகுக்கவில்லை. ஆதலால் அவ்வம்பு ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்து, குன்றைக் கண்ட நாளில் கல்வெட்டின் போர்வையைப் போர்த்துக்கொண்டு, தொன்மையின் பெயரால் உள்ளே புகுந்துவிட்டது. பீலியும் பாறையும் இருபத்துநான்கு முகங்களும் பழையன. பகை மட்டும் புதியது, பக்கத்துத் தெருவைச் சேர்ந்தது. அந்தத் தாளைக் கிழித்தால் அறிவார் எவருமில்லை. அவள் விரல்கள் அதன் ஓரத்தைப் பற்றவும் செய்தன. பிறகு, வேறெதையும் எண்ணத் தனக்கு நேரம் கொடாமல், குறிப்பேட்டைக் கக்கத்தில் இடுக்கி, நெல்மண்டியை நோக்கி விரைந்து நடந்தாள்.

சந்தனா கடையின் இரும்புக் கதவைப் பாதி இறக்கியிருந்தாள். நீட்டிய பக்கத்தை விளக்கடியில் பிடித்து இருமுறை படித்தாள்.

"நாப்பத்தி ஒண்ணு," என்றாள். "எங்க பெரிப்பாவுக்கு நம்பரு போட்டு வெச்சிருக்க."

"மறந்தே பூட்டேங்கா. கதைய எடுத்துடறேன்."

"எடுத்துட்டு கம்முனு குந்திக்குவ. சந்தனா மெரட்டி வாய அடச்சிட்டான்னு நாளைக்கு அதையும் பேசுவாங்க. எடுத்தியானா, ஏன் எடுத்தன்னு அத்தன பேரு எதுர்லயும் நீயே சொல்லு."

"சொல்றேங்கா. என்மேல இருக்கற கோவம்..."

"போவாது. இத்த கொணாந்து காட்டிட்டன்றதுக்காகல்லாம் போவாது. நவுரு, கடைய சாத்தணும்."

கதவு இரும்பொலியோடு தரையில் மோதியது. குன்றுகள் மூன்றும் கருத்துவிட்டன. அவற்றின் வெப்பம் மட்டும் தெருவரை வந்து முகத்தில் அடித்தது. மாண்டோர் வாழ்ந்த நாட்டை எடுத்து வேண்டியவாறு வளைக்கலாம். அவர்கள் எழுந்துவந்து வழக்காடுவதில்லை. ஆனால் அவர்களின் நோன்பை இன்றும் நோற்போர் அடுத்த தெருவில் கடை திறக்கிறார்கள், கடை அடைக்கிறார்கள், நாம் எழுதியதைப் படிக்கவும் செய்கிறார்கள். படைப்போர் தம் படைப்பை முதலில் காட்ட வேண்டியது அவர்களிடமே என்பதை, தான் ஏங்கிய ஒரேயொரு பெயர்வரியை இழந்து, இர்பானா கற்றுக்கொண்டாள். வீடடைந்து, காலையில் எழுதியதன் கீழே இவ்வாறு சேர்த்தாள்:

முப்பத்தேழை இனி ஐம்பத்தேழாகத் திருத்த வேண்டியதில்லை. எண் 41: கேட்டது, கேட்டவள் நான், கேட்டதை எழுதியவளும் நான். கல்லின்மேல் பழி போட்டது இரண்டாம் பிழை.

நாளை: ஒன்பது மணிக்கு முன் அச்சகம் செல்ல வேண்டும். கதையின் பதினான்கு பக்கங்களையும் எடுக்கச் சொல்ல வேண்டும். மாலையில் வகுப்பில் எழுந்து நின்று, எண் 41ஐ உரக்கப் படிக்க வேண்டும்.