ஆசாரியர் சாகும்வரை

மாமனார் போனது திங்கட்கிழமை சாயங்காலம். செவ்வாய் மத்தியானம் ஆகியும் ஹில்டாவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. ராஜகீழ்ப்பாக்கத்து வீட்டு ஹாலில் ஐஸ் பெட்டி கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் ஜீவரத்தினம் ஐயா, எண்பத்திரண்டு வயது, ரிட்டயர்டு வேதபாட வாத்தியார், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் படுத்திருந்தார். வந்தவர்கள் எல்லாரும் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரே இவளிடம் வந்தார்கள். கையைப் பிடித்துக்கொண்டு ஒரே பல்லவியைப் பாடினார்கள்.

"மருமகள்னா உன்னை மாதிரி இருக்கணும் ஹில்டா. பெத்த பொண்ணுகூட இப்படிப் பார்த்திருக்க மாட்டா."

பார்த்தாள்தான். யார் இல்லையென்றது? பக்கவாதம் வந்து இரண்டு வருஷம் கிடந்த மனுஷனுக்குக் கஞ்சி ஊட்டி, துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, படுக்கைப் புண்ணுக்கு மருந்து போட்டு, அதற்காகப் பள்ளிக்கூட வேலையையும் விட்டாள். இடுப்பு போயிற்று. தூக்கம் போயிற்று. ஐயாவை இப்போது எடுத்துக்கொள்ள வேண்டாம் ஆண்டவரே என்று ஞாயிறு தவறாமல் அவள் ஜெபித்ததற்குச் சபையே ஆமென் சொன்னது. அன்பு என்று நினைத்தார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். கிழவர் செத்தால் யார் திரும்பி வருவான் என்பது அவளுக்கல்லவா தெரியும்?

வந்துவிட்டான் என்ற செய்தியை மீன்காரி செல்லம்மா கொண்டுவந்தாள். கோவளத்து மீனைக் கீழ்க்கட்டளையிலும் இங்கேயும் தெருத்தெருவாக விற்கிறவள். சாமந்தி மாலையைப் பெட்டிமேல் வைத்துக் கும்பிட்டுவிட்டு ஹில்டா பக்கத்தில் குந்தினாள்.

"யம்மா, உன் கொழுந்தனாரு வந்துகீறாரு."

"யாரு?"

"உனக்கு எத்தினி கொழுந்தன் கீறாங்க? கீழ்க்கட்டளைல கீறாரே, எட்மண்டு, அவருதான். ஜங்சன்ல டீக்கடையாண்ட நின்னுகினு கீறாரு. காலைல எட்டு மணிக்குப் பாத்தேன், இப்பவும் நிக்கிறாரு. வூட்டுக்கு வாய்யான்னா, அண்ணி கூப்டாம வரமாட்டேன்றாரு. இன்னா மனுசனோ! பெத்த அப்பன் செத்துக் கெடக்குறாரு."

செல்லம்மாவுக்கு மெதுவாகப் பேச வராது. ஹாலில் இருந்த முப்பது பேருக்கும் கேட்டது. முப்பது பேரும் ஹில்டாவைப் பார்த்தார்கள். அவள் கணவன் ஆரோன் மட்டும் தகப்பனின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கதையைச் சொல்லித்தான் ஆகவேண்டும். தொண்ணூற்றாறாம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஆரோனின் தம்பி எட்மண்ட் அப்போது மாருதி வேன் வைத்து வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். ஞாயிறானால் குடும்பத்தைக் கோயிலுக்குக் கூட்டிப்போவதும் அந்த வண்டிதான். முட்டுச்சந்து என்பதால் முதலில் வண்டியை ரிவர்ஸ் எடுத்துத் திருப்பி நிறுத்துவான். பிறகு எல்லாரும் ஏறுவார்கள். அன்றைக்கு அவன் ரிவர்ஸ் எடுத்தபோது ஹில்டாவின் மூன்று வயது மகள் எப்சி, மஞ்சள் கவுன் போட்டுக்கொண்டு, சித்தப்பா வண்டி என்று தெருவுக்கு ஓடிவிட்டாள். அதற்கு மேல் சொல்ல எனக்கும் தெம்பில்லை.

ஆரோன் வீட்டுப் பக்கவாட்டில் கிடந்த முறுக்குக் கம்பியை எடுத்துக்கொண்டு கூடப்பிறந்தவனை அடித்துக் கொல்லப் பாய்ந்தான். தகவல் கேட்டுக் கோயிலிலிருந்து ஓடிவந்த கிழவர் நடுவில் போய் நின்றார். முதல் அடி அவர் தோளில் விழுந்தது. அன்று சாயங்காலம், குழந்தையைப் புதைத்துவிட்டு வந்த கையோடு, வேதத்தைப் பிரித்துவைத்து இரண்டு மகன்களையும் எதிரே நிற்கச் சொன்னார்.

மோசேயின் சட்டம் இப்படி: பகை இல்லாமல், கைப்பிசகாக ஒருவனைக் கொன்றவன் அடைக்கலப் பட்டணத்துக்கு ஓடிப்போக வேண்டும். பழிவாங்குகிறவன் அங்கே வந்து அவனைத் தொடக்கூடாது. பிரதான ஆசாரியர், அதாவது ஆலயத்தின் தலைமைக் குரு, சாகும்வரை அவன் அந்த ஊரைவிட்டு வெளியே வரக்கூடாது. ஆசாரியர் செத்தபிறகு சொந்த இடத்துக்குத் திரும்பலாம். யாரும் ஒன்றும் கேட்கமுடியாது.

"கீழ்க்கட்டளையில என் சிநேகிதன் வீடு இருக்கு, அங்க போ," என்றார் எட்மண்டிடம். "நான் உயிரோட இருக்கறவரைக்கும் நடுவுல இருக்கற செம்பாக்கம் தாண்டி இந்தப் பக்கம் வராதே. நானும் அங்க வரமாட்டேன். ஆரோன், நான் சாகறவரைக்கும் நீ அவனைத் தேடிப் போகக்கூடாது. நான் ஆசாரியன் இல்லை, வெறும் வாத்தியார்தான். ஆனா இந்த வீட்டுக்கு வேற ஆள் இல்லையே."

எட்மண்ட் மறுநாள் ஒரு பெட்டியோடு போனான். வேனை விற்றான். அதன்பிறகு ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறான், கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று செல்லம்மா கூடையை இறக்கும்போதெல்லாம் சொல்லுவாள். பதினொரு வருஷம் கிழவரும் தன் சட்டத்தைத் தானே மீறவில்லை. வாய் குழறிப்போன பிறகு, கஞ்சிக் கரண்டியை ஒதுக்கிவிட்டு, "நான் போனா அவன் வரலாம்," என்று மட்டும் எப்போதாவது சொல்லுவார். உடனே ஹில்டா அடுத்த கரண்டியை வாயில் வைப்பாள்.

இப்போது சபையின் புதுப் போதகர் அசரியா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளெதிரே உட்கார்ந்தார். நல்ல மனுஷன், சின்ன வயசு, எதற்கும் வசனம் தயாராக வைத்திருப்பார்.

"அக்கா, ஐயாவோட அந்தச் சட்டம் முடிஞ்சுபோச்சு. சட்டப்படி அவர் வரலாம். ஆனா சட்டம் விடுதுன்னு வர்றது வேற, நீங்க மன்னிச்சுக் கூப்பிட்டு வர்றது வேற. நம்ம பிரதான ஆசாரியர் சிலுவையிலயே செத்துட்டாரே, இன்னும் எந்த ஆசாரியர் சாகணும்? நாம மோசேயோட நியாயப்பிரமாணத்துக்குக் கீழ இல்லை, கிருபைக்குக் கீழ இருக்கோம். எட்மண்டை மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

"நீ பெத்தவ," என்றான் ஆரோன், தலை நிமிராமல். "நீ சரின்னா வரட்டும். வேண்டாம்னா அவன் அங்கயே நிக்கட்டும். நாலு மணிக்குத் தூக்கிடலாம்."

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு ஆகியிருந்தது. யாரோ காபி டம்ளரை நீட்டினார்கள். வேண்டாமென்று கையை ஆட்டினாள். காலையிலிருந்து ஏழெட்டுத் தடவை ஆட்டியாயிற்று.

ஒரு வார்த்தையாம். மன்னிக்கிறதாம். ஹில்டாவுக்குச் சிரிப்பதா சுவரில் முட்டிக்கொள்வதா என்று இருந்தது. ஏனென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுப்பதற்கு முன்னால் எட்மண்ட் தெருவிலிருந்து குரல் கொடுத்தான்: "அண்ணி, கேட் போட்டாச்சா?" ஆரோன் குளித்துக்கொண்டிருந்தான். கிழவர் முன்னமே கோயிலுக்குப் போயிருந்தார். ஹில்டா உள்ளறையில் கொண்டையில் ஊசி குத்திக்கொண்டிருந்தாள். பால்காரன் போனபின் கேட்டைச் சாத்தினோமா இல்லையா என்று அவளுக்கு நினைவில்லை. போய்ப் பார்க்கச் சோம்பல். "போட்டாச்சு, எடு எடு, நேரமாச்சு," என்றாள். நாலே வார்த்தை.

எட்மண்ட் போலீசிலும் சொல்லவில்லை, அபராதம் போட்ட கோர்ட்டிலும் சொல்லவில்லை, தகப்பன் எதிரே நின்றபோதும் சொல்லவில்லை. நான் பார்க்கவில்லை, என் தப்புதான் என்றான். ஹில்டாவும் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு அவள் அழாததை அதிர்ச்சி என்றார்கள். சட்டம் எவ்வளவு சௌகரியம் பாருங்கள்! அவன் செம்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரைக்கும் அவள் யாரையும் மன்னிக்கவும் வேண்டாம், யாரிடமும் மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். கிழவர் மூச்சு ஓடினால் போதும். அதற்குத்தான் அந்தக் கஞ்சி, அந்த ஜெபம் எல்லாம்.

இனி ஊட்ட ஆள் இல்லை. மறைத்து மறைத்து அலுத்துப்போயிற்று அவளுக்கு. முழங்காலில் கையை ஊன்றி எழுந்தாள்.

"நானே போய்க் கூட்டிட்டு வரேன்."

"ஸ்தோத்திரம்!" என்றாள் ஒரு சித்தி. அசரியா போதகருக்குக் கண் கலங்கிவிட்டது. ஹில்டா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

ஜங்ஷனில் வெயில் கொளுத்தியது. வேளச்சேரி பஸ் ஒன்று புழுதியைக் கிளப்பிவிட்டுப் போனபின் எதிர்ச்சாரியில் எட்மண்ட் தெரிந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. நாற்பத்திரண்டு வயசுதான் இருக்கும், அண்ணனைவிடக் கிழவனாகத் தெரிந்தான். அவளைப் பார்த்ததும் டீக்கடைக் கூரையை விட்டு வெயிலுக்கு வந்து நின்றான்.

"அண்ணி. கடைசியா ஒருதரம் அப்பாவைப் பார்த்துட்டுப் போயிடறேன். வேண்டாம்னா இங்கருந்தே..."

"கேட் போட்டாச்சான்னு நீ கேட்ட."

அவன் முகம் மாறியது. "அண்ணி, அது எதுக்கு இப்ப?"

"போட்டாச்சுன்னு சொன்னேன். போடலை எட்மண்ட். போட்டேனா இல்லையான்னு பார்க்கக்கூட இல்லை."

"தெரியும் அண்ணி. கீழே குனிஞ்சு குழந்தையைத் தூக்கும்போதே பார்த்தேன், கேட் திறந்து கிடந்துச்சு."

"அப்புறம் ஏன்டா சொல்லலை? இத்தனை வருஷம்! ஒருத்தர்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல, பாவி!" அவளுக்குக் கோபம் வந்தது. அவன்மேல் எதற்குக் கோபம் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

எட்மண்ட் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "சொன்னா அண்ணன் அந்தக் கம்பியோட உங்ககிட்ட வந்திருப்பாரு. எனக்கு ஓடறதுக்குக் கீழ்க்கட்டளை இருந்துச்சு. உங்களுக்கு எந்த ஊர் இருக்கு அண்ணி?"

ஹில்டா ரோட்டோரத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அவள் எழுந்து, வா என்று சொல்லி முன்னால் நடந்தாள்.

சாவு வீட்டில் கேட்டை யார் சாத்துவார்கள், திறந்தே கிடந்தது. எட்மண்ட் அதைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டான். மன்னித்த புண்ணியவதியைப் பார்க்க எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள். ஹில்டா ஐஸ் பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்ற ஆரோன் எதிரே போய் நின்றாள்.

"இவனை மன்னிச்சுட்டேன்னு சொல்ல நான் கூட்டிட்டு வரலை. எனக்கு அந்த யோக்யதை இல்லை. அன்னிக்கு வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி, கேட் போட்டாச்சான்னு இவன் என்னைக் கேட்டான். நான் பார்க்காமலே போட்டாச்சுன்னு சொன்னேன். திறந்து கிடந்துச்சு. பதினொரு வருஷமா இவன் அதை வெளிய சொல்லலை. நானும் சொல்லலை."

ஆரோன் முகத்தில் அன்றைக்கிருந்த அதே வெறி வந்தது. ஹில்டாவுக்கு அடையாளம் தெரிந்தது. பெட்டியைச் சுற்றிக்கொண்டு வந்தான். எட்மண்ட் சட்டென்று நடுவில் புகுந்தான், அன்றைக்குக் கிழவர் நின்ற மாதிரி.

"அண்ணா, வேண்டாம்ணா."

"தள்ளிக்கோ எட்மண்ட்," என்றாள் ஹில்டா. அவன் தோளைப் பிடித்து அவளே ஒதுக்கினாள். "எனக்கு எந்த ஊரும் வேண்டாம். இங்கதான் இருக்கப்போறேன். இவர் என்ன பண்ணணுமோ பண்ணட்டும்."

ஆரோன் கை ஓங்கியபடியே நின்றது. அசரியா போதகர் எழுந்தார். ஒரு வசனமும் வாயில் வரவில்லை போலிருக்கிறது, திரும்ப உட்கார்ந்துவிட்டார். ஆரோன் பெட்டிக்குள் படுத்திருந்த தகப்பனைப் பார்த்தான். அவர் இருந்தால் எதையாவது பிரித்துவைத்துத் தீர்ப்புச் சொல்லியிருப்பார். கையைத் தொங்கவிட்டு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"உன்னை என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலை ஹில்டா."

"சரி."

"சத்தியமாத் தெரியலை."

"சரிங்க."

ஆரோன் எழுந்து பெட்டியின் தலைமாட்டுக்குப் போனான். பிறகு தம்பியிடம், "தலைமாட்டுல நான் பிடிக்கிறேன், கால்மாட்டுல நீ பிடி," என்றான். அப்புறம்தான் அவள் பக்கம் திரும்பினான். அவன் கண் சிவந்திருந்தது.

"காலையிலேர்ந்து நீ பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலை. எத்தனை தரம் காபி திரும்பிப் போச்சுன்னு பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். போ, போய்த் தண்ணி குடி. கல்லறை வரைக்கும் நடக்கணும்."

ஹில்டா அடுக்களைக்குப் போய்க் குடத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டாள். பாதி குடிப்பதற்குள் எப்சி என்று வாய்விட்டு வந்துவிட்டது. அந்தப் பெயரைச் சொல்லி அவள் இதுவரை அழுததில்லை. அழுதால் யாராவது ஆறுதல் சொல்லுவார்கள், அதை எந்த முகத்தோடு வாங்கிக்கொள்வது என்று அடக்கியே வைத்திருந்தாள். இப்போது ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, சுவரைப் பிடித்துக்கொண்டு, என் கண்ணே எப்சி என்று கதறினாள். பிறகு மிச்சத் தண்ணீரையும் குடித்தாள். ஆரோன் குடிக்கச் சொல்லியிருந்தான்.