ஐந்நூற்று முப்பது மீட்டர் ஸ்வெட்டர்

எங்கள் ஊரில், கையால் பின்னிய பரிசு ஒன்று கிடைத்தால்தான் வெளியூர் போகமுடியும். அதில் எத்தனை மீட்டர் நூல் இருக்கிறதோ அத்தனை கிலோமீட்டர் போகலாம். பின்னியவர் அந்த நேரத்தில் எங்கே இருக்கிறாரோ அங்கிருந்து அளக்கவேண்டும். ஆயுளுக்கும் ஆளுக்கு ஒரு பரிசுதான். கழற்றிப் பெட்டியில் வைத்தாலும் கணக்கு மாறாது. எனக்கு அண்ணி போட்டுக்கொடுத்த குல்லா நாற்பது மீட்டர். மலையிறங்கி மேட்டுப்பாளையம் வரை போவேன், ஒரு டீ குடிப்பேன், திரும்பிவிடுவேன்.

என் மனைவி ஜெசிந்தாவுக்கு அதுவரை யாரும் எதுவும் பின்னியதில்லை. ஆறு வருஷம் பரீட்சை எழுதி, சென்னையில் ஓர் அலுவலகத்தில் வேலை வாங்கியிருந்தாள். ஐந்நூற்று அறுபது கிலோமீட்டர். திங்கட்கிழமை பத்து மணிக்குள் சேரவேண்டும், தவறினால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"நீங்களே போட்டுக் குடுங்க," என்றாள். நான் கைக்கடிகாரம் ரிப்பேர் செய்பவன், விரல் நிதானமானது. ஆனால் எனக்கு அவள் போவது பிடிக்கவில்லை. அதை அவளிடம் சொல்லவும் பிடிக்கவில்லை.

நூல் கடை இஸ்மத் பாய் உருண்டைகளை மேஜைமேல் பரப்பினார். ஒன்றை எடுப்பேன், வைப்பேன், மறுபடி அதையே எடுப்பேன். மனம் ஒரு நிலையில் இல்லை.

"தடி நூலுன்னா பத்து நாள்ல முடிஞ்சுரும். ஆனா நானூறு மீட்டருக்கு மேல பிடிக்காது. வீட்டம்மா விழுப்புரத்தோட சரி," என்றார் பாய்.

பருத்தி வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். துவைக்கத் துவைக்கத் தொய்யும். தபால்கார எட்வினின் மனைவிக்குப் பருத்திச் சால்வை. ஒவ்வொரு தீபாவளிக்கும் ஐந்து கிலோமீட்டர் தள்ளி வீடு மாற்றுகிறாள்.

கம்பளி மேல் எனக்கு ஆசைதான். வெந்நீரில் போட்டால் சுருங்கும், ஆளும் திரும்பி வந்துவிடுவார். எங்கள் தெரு டீச்சர் ஈரோட்டில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, விடுதியில் யாரோ அவருடைய கம்பளியை வெந்நீரில் முக்கிவிட்டார்கள். கையில் சாக்பீஸோடு எங்கள் மார்க்கெட்டில் வந்து நின்றார். கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். ஆனால் ஜெசிந்தா எதையும் பச்சைத் தண்ணீரில்தான் அலசுவாள்.

"மெல்லிசு அக்ரிலிக் எடுங்க. ஏறாது, இறங்காது," என்றார் பாய். எடுத்தேன்.

இருபத்திரண்டு நாள், ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே பின்னினேன். கடைசியில் கழுத்துப்பட்டையைச் சின்னதாக்கி, ஐந்நூற்று முப்பதில் நூலை நறுக்கிவிட்டேன். தாம்பரம் தாண்டமுடியாமல் திரும்பி வந்துவிடுவாள் என்று கணக்கு. கேவலமான கணக்குதான்.

"கழுத்து காத்து வாங்குதுங்க," என்றாள், போட்டுப் பார்த்துவிட்டு.

"மெட்ராஸ்ல வெயில்தானே," என்றேன்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் போன் வந்தது.

"ஏங்க, பஸ் போயிருச்சு. நான் இறங்கல, பஸ்தான் என்னை விட்டுட்டுப் போயிருச்சு. தாம்பரத்துக்கிட்ட ரோட்டுல உக்காந்திருக்கேன்."

"அடி கிடி பட்டுச்சா?"

"இல்ல. பை மடியிலதான் இருக்கு. எத்தனை மீட்டர் போட்டீங்க?"

"ஐந்நூத்தி முப்பது."

லாரிகள் போகிற சத்தம் கேட்டது. பிறகு, "பத்து மணிக்குள்ள போகணும்ங்க," என்றாள். திட்டியிருந்தால் தேவலை. ஆறு வருஷப் படிப்பை ஒரு கத்திரிக்கோலால் கெடுத்த மனுஷன் நான்.

எட்டு மணிக்குக் கீழே போகும் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் போன் செய்தேன்.

"இப்ப?"

"குரோம்பேட்டை. கிடைச்ச ஆட்டோவுல ஏறி ஏறி வர்றேன்."

"இப்ப?"

"நாலு கடை பின்னால வந்துட்டேன்."

என் பஸ் போகும் சாலை மலைப்பக்கமாகத் திரும்பியிருந்தது. அடுத்த வளைவில் மறுபடி முன்னால் போனாள். பர்லியார் தாண்டும்போது பல்லாவரம். பாக்குத் தோப்புகள் வந்தபோது கிண்டி. மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நான் இறங்கியபோது மணி ஒன்பது ஐம்பது.

"நாற்காலில உக்காந்துட்டேன். ரிஜிஸ்டர்தான் எட்டல," என்றாள் மெல்லிய குரலில்.

பஸ் ஸ்டாண்டின் கிழக்குக் கோடிக்கு ஓடினேன். அங்கே ஒரு பெஞ்சு. அதன் விளிம்பில் உட்கார்ந்தேன்.

"எட்டுது," என்றாள். பேனா கீறுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

இப்போது தினமும் பத்திலிருந்து ஐந்தே முக்கால் வரை அந்தப் பெஞ்சில்தான் இருக்கிறேன். ரிப்பேர் பெட்டியையும் கொண்டுவந்துவிட்டேன். சாயங்காலம் நான் மலையேறுகிறேன், அவள் தாம்பரம் விடுதிக்குத் திரும்புகிறாள். பெஞ்சில் எங்கள் ஊர்க்காரர்கள் இன்னும் நான்கு பேர் உண்டு: இரண்டு அம்மாக்கள், ஒரு மாமனார், ஒரு தங்கை. யார் எத்தனை மீட்டர் குறைத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு மணிக்கு ஜெசிந்தா சாப்பிட எழுந்து, கட்டடத்தின் அந்தக் கோடியிலிருக்கும் கேன்டீனுக்குப் போவாள். அப்போது பெஞ்சு மெதுவாகக் கிழக்கே நகரும். மற்ற நால்வரும் பேச்சை நிறுத்தாமல் காலை மட்டும் தூக்கிக்கொள்வார்கள்.