சோதனை அஞ்சல்

அமைச்சகத்தின் பெயரிலேயே புது இணைய முகவரியும் மின்னஞ்சலும் அமைப்பது என் வேலை. மூன்று மாத இழுபறியில் நைந்துபோயிருந்தேன். புது முகவரியிலிருந்து போகும் கடிதமெல்லாம் ஸ்பேமில் விழுகிறது என்று மேலதிகாரி கடுகடுத்தார். அஞ்சல் உண்மையானதுதான் என்று காட்டும், விடுபட்டிருந்த ஒரு பதிவை அமைப்பில் சேர்த்துவிட்டு, கணவருக்குச் சோதனையாக ஒன்று அனுப்பி, போன் செய்தேன்.

“வந்துச்சாங்க?”

“இன்பாக்ஸ்லயே வந்துடுச்சு. ஸ்பேம்ல போன மாசம் நீ அனுப்பினது ஒண்ணு கிடக்கே? ரொம்ப நீளமா இருக்கு.”

வேலைக்கு நடுவே இந்தப் புது முகவரியிலிருந்தே எழுதியது அது; பிரிந்துவிடலாமா என்று கேட்டிருந்தேன். பதில் வராததையே பதிலாக எடுத்துக்கொண்டு, ஒரு மாதமாக அவரிடம் அளந்துதான் பேசினேன்.

“படிச்சிட்டீங்களா?”

“மந்திரி ஆபீஸ் லெட்டர்னாலே எனக்குக் கண்ணக் கட்டும். நீயே வந்து சொல்லேன்.”

சிரித்துவிட்டேன். அத்தனையையும் வாயால் சொல்லத் தெம்பிருக்கிறதா என்று தெரியாமலே கணினித் திரையை அணைத்தேன்.