பத்து நாள் விசா

கொளஞ்சிநாதன் வாயில் அதிகம் புழங்கிய சொல் பெர்மனென்ட்தான். சுரங்கத்தில் அவர் கான்ட்ராக்ட் தொழிலாளி. மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டில் சாமி படத்துக்குப் பூ வைக்கும்போதும் அந்த ஒன்றைத்தான் வேண்டிக்கொள்வார். அதனால், ஐரோப்பாவில் கடலுக்கு நடுவே இருக்கும் மால்டாவிலிருந்து ஒரு மகளிர் கால்பந்து கிளப், 'பத்து நாள் வந்து விளையாடிக் காட்டு, பிடித்தால் சேர்த்துக்கொள்கிறோம்' என்று மகள் எழில்மதிக்கு அழைப்பு அனுப்பியபோது அவர் முதலில் கேட்டது, "பெர்மனென்ட் பண்ணுவானுங்களா?" என்றுதான்.

எழில்மதி கோல்கீப்பர். பந்து வந்தால் மண்ணா கல்லா என்று பார்க்காமல் பாய்கிறவள். ஆனால் நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் ஜெர்சியின் நுனியைத் திருகிக்கொண்டு நிற்பாள்.

விசாவுக்கு ஆளுக்கொரு வழி சொன்னார்கள். டிராவல்ஸ் கடை சிவக்குமார், "டூரிஸ்ட் விசால போயிடு பாப்பா. ஊரு சுத்திப் பாக்கப் போறேன்னு எழுது. அங்க போயி அப்படியே ஒட்டிக்கலாம்" என்றான்.

அதைக் கேட்டதும் பயிற்சியாளர் புவனா அக்கா விசிலை வாயிலிருந்து எடுத்தாள்.

"ஊரு சுத்தப் போறவ எதுக்குடி கிளவுஸ் எடுத்துகினு வந்தேன்னு ஏர்போர்ட்டுல கேட்டா என்னா சொல்லுவ? வெளையாடிக் காட்டத்தான போற? அதையே சொல்லி, கொஞ்ச நாளைக்கான விசா கேளு. கிளப்பு அழைப்பு இருக்குது. அவங்க எடுத்துகினா, திரும்பி வந்து இங்கேர்ந்து வேலை விசாவுக்குப் போடு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க. நீ அங்கயே தங்கிடுவியோன்னுதான் விசா குடுக்கறவங்களுக்குப் பயம்."

அப்படியே விண்ணப்பித்தார்கள். தூதரகத்திலிருந்து போனில் கேள்வி கேட்டாலும் கேட்பார்கள் என்றார்கள். உடனே வீட்டில் ஒத்திகை தொடங்கியது. ஷிப்ட் முடிந்து வந்த கொளஞ்சிநாதன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பிளாஸ்டிக் நாற்காலியில் அதிகாரியாக உட்கார்ந்தார்.

"எத்தினி நாளு இருப்ப?"

"பத்து நாளுப்பா."

"சாருன்னு சொல்லு. பத்து நாளாம்! அப்படிச் சொன்னா எவன் சேத்துக்குவான்? கடைசி வரிக்கும் இங்கயேதான் சார் கெடப்பேன்னு சொல்லணும். நான் எப்பவும் அதான் சொல்லிகினு இருக்கேன்."

"சொல்லிகினேதான் இருக்கீங்க" என்றாள் அடுப்படியிலிருந்து அவர் மனைவி கலியம்மாள்.

புவனா அக்கா சொன்னதை எழில்மதி எடுத்துச் சொன்னாள். அவர் நம்பவில்லை. "தங்கறேன்னா எவனாச்சும் கோவிச்சுக்குவானா பாப்பா?"

போன் வந்தபோது தாயும் மகளும் பலாப்பழம் உரித்துக்கொண்டிருந்தார்கள். எழில்மதியின் கையெல்லாம் எண்ணெயும் பிசினும். முழங்கையால் ஸ்பீக்கரை அழுத்தினாள். கட்டிலில் படுத்திருந்த கொளஞ்சிநாதன் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார்.

கேள்வியெல்லாம் இங்கிலீஷில். எந்த கிளப், எங்கே தங்குவாய், செலவு யாருடையது? எழில்மதி திக்கித் திக்கி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியாக அந்தக் குரல் கேட்டது: "உங்களைப் பிடித்துவிட்டால், அங்கேயே பெர்மனென்டாகத் தங்கிவிடுவீர்களோ?"

கொளஞ்சிநாதனுக்கு அதில் ஒரே ஒரு சொல் புரிந்தது. எத்தனையோ வருஷமாக யாராவது தன்னைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த சொல். பாய்ந்து வந்தார்.

"எஸ் சார்! பெர்மனென்ட் சார்! தேங்க்யூ சார்!"

கலியம்மாள் கையிலிருந்த பலாச்சுளையை அவர் வாயில் திணித்தாள்.

பெனால்டிக்கு நிற்கும்போது எழில்மதிக்கு வெட்கப்பட நேரம் இருப்பதில்லை. இப்போதும் இல்லை.

"அது எங்கள் அப்பா, சார். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. பெர்மனென்ட் அவருடைய ஆசை. எனக்குப் பத்து நாள் போதும். எடுத்துக்கொண்டால் திரும்பி வந்து வேலை விசாவுக்கு விண்ணப்பிப்பேன். எடுக்காவிட்டாலும் வருவேன். அடுத்த மாதம் மாவட்டப் போட்டி இருக்கிறது. எங்கள் டீமில் வேறு கீப்பர் இல்லை."

அவ்வளவு நீளமாக அவள் இங்கிலீஷ் பேசியது அதுதான் முதல் தடவை.

மறுமுனையில் ஏதோ சத்தம் கேட்டது. இருமல் மாதிரியும் இருந்தது, சிரிப்பு மாதிரியும் இருந்தது. "அப்பா இப்போது என்ன செய்கிறார்?"

"பலாப்பழம் சாப்பிடுகிறார், சார்."

போனை வைத்த பிறகு கொளஞ்சிநாதன் சுளையை மெல்லவும் இல்லை, துப்பவும் இல்லை. நடந்ததை மகள் விளக்கியதும் முகம் விழுந்துவிட்டது.

"நான் கெடுத்துட்டேனா பாப்பா?"

"பந்து கம்பத்துல பட்டிருக்குப்பா. உள்ள வுழுதா வெளிய போவுதான்னு பாப்போம்."

பாஸ்போர்ட் கூரியரில் திரும்பி வரும்வரை அவர் சாமி படத்தின் முன்னால் அந்தச் சொல்லை எடுக்கவே இல்லை. உறையைப் பிரித்து எழில்மதி விசா ஒட்டிய பக்கத்தைக் காட்டியபோது, கையை லுங்கியில் துடைத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"எத்தினி நாளு போட்டிருக்கான்?"

"கேட்ட பத்து நாளு குடுத்துட்டான்பா."

"அப்ப ஒனக்கும் கான்ட்ராக்ட்டுதானா!" என்று கேட்டு அவரே சிரித்தார். சட்டையைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கினார். டீக்கடை வரைக்கும் அவர் குரல் கேட்டது.

"எம் பொண்ணு கான்ட்ராக்ட்டுல மால்டா போவுது!"

"சட்டையப் போட்டுகினு போய் சொல்லுங்க" என்று கத்திக்கொண்டே கலியம்மாள் அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.